எங்க செவலைக்கு என்ன சோறு?



இந்த மாதப் பத்திரிகைக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று தமிழ் ஐயா சொன்னார். மரம் வளர்ப்பதைப் பற்றியும் மழைநீர் சேமிப்பைப் பற்றியும் ஏற்கெனவே நிறையப் பேர் நன்றாக எழுதிவிட்டார்கள். அதனால் எனக்குத் தெரிந்த ஒரு விசயத்தை எழுதுகிறேன். எங்க வீட்டு நாய் செவலையின் வயிற்றைப் பற்றி. சிரிக்காமல் கடைசி வரை படியுங்கள். உங்கள் வீட்டிலும் நாய் இருந்தால் உதவும்.

"நாய்க்கு என்ன, எதைப் போட்டாலும் திங்கும்" என்று எல்லாரும் சொல்லுவோம். திங்கும் என்பது உண்மைதான். ஆனால் தின்றது எல்லாம் செமிக்குமா? அதுதான் கேள்வி.

செவலை எங்க வீட்டுக்கு வந்தது 2023-ஆம் வருசம் தை மாசம். எங்க சித்தப்பா கோம்பையில் இருந்து கட்டப்பையில் போட்டுக் கொண்டு வந்தார். தாய் அசல் கோம்பை நாய், தகப்பன் யாரென்று தெரியாது. கோம்பை நாய் என்ற பேரே நம்ம உத்தமபாளையம் பக்கத்துக் கோம்பை ஊரின் பேரில் வந்ததுதான். செவலை நிறம், மூஞ்சி மட்டும் கறுப்பு. எங்களிடம் ஏழு ஆடு இருக்கிறது. ராத்திரி பட்டிப் பக்கம் ஒரு சருகு அசைந்தாலும் செவலை எழுந்துவிடும். அப்பா அதை நம்பித்தான் தூங்குவார்.

ஆனால் 2024-ஆம் வருசம் ஆடி மாசத்தில் இருந்து செவலைக்கு வயிறு சரியில்லை. ரெண்டு நாள் நன்றாக இருக்கும், மூணாம் நாள் தண்ணி தண்ணியாகப் போகும். சில நாள் வாந்தி எடுக்கும். வயிறு கடமுடாவென்று சத்தம் போடும், பக்கத்தில் உட்கார்ந்தால் நமக்கே கேட்கும். விலா எலும்பை எண்ணலாம் போல ஆகிவிட்டது. காதையும் காலையும் ஓயாமல் சொறிந்துகொண்டே இருந்தது. எங்க அம்மா விடியக்காலம் 5 மணிக்கு ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். எழுந்ததும் வாசலைக் கழுவிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்றால் அவருக்கு எப்படி இருக்கும்?

ஆவணி மாசம் ஒருநாள் ராத்திரி பட்டியில் ஆடு கத்துச்சு. செவலை எழுந்திருக்கவே இல்லை. சுருண்டு படுத்துக் கிடந்தது. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அப்பா காலையில் சொல்லிவிட்டார். "காவலுக்கும் ஆகல, வீட்டையும் நாறடிக்குது. எத்தனை நாளைக்கு வச்சுப் பாக்குறது? ஜீப்புல ஏத்தி மலையில எங்கயாச்சும் விட்டுட்டு வந்துர்றேன். பொழச்சா பொழைக்கட்டும்."

அப்பா கோபக்காரர் கிடையாது. அன்றைக்கு அவர் கோபமாகவும் பேசவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. நான் அழுதேன். அப்பத்தாதான் எனக்காகப் பேசியது. "புள்ள கேக்குதுல்லப்பா, ஒரு ரெண்டு மாசம் பொறுத்துப் பாரேன்" என்றது. அப்பா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மருத்துவர் சொன்னது

சனிக்கிழமை நானும் தம்பியும் செவலையைக் கயிற்றில் பிடித்து அரசு கால்நடை மருந்தகத்துக்கு நடத்திக் கூட்டிப்போனோம். அங்கே மாட்டுக்குச் சினை ஊசி போட வந்தவர்கள், கோழியைக் கூடையில் கொண்டுவந்தவர்கள் எல்லாரும் இருந்தார்கள். மருத்துவர் அம்மா செவலையின் கழுத்துத் தோலைப் பிடித்து இழுத்து விட்டுப் பார்த்தார். தோல் உடனே பழையபடி படிந்தால் உடம்பில் தண்ணீர் இருக்கிறது, மெதுவாகப் படிந்தால் வற்றிப்போச்சு என்று அர்த்தமாம். காய்ச்சல் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "என்ன சாப்பாடு போடுற?" என்று கேட்டார்.

நான் சொல்லச் சொல்ல எனக்கே பட்டியல் நீளமாகத் தெரிந்தது. காலையில் அப்பத்தா பசும்பால் ஊற்றும். டீக்கடையில் ஆளாளுக்கு பிஸ்கட்டும் பன்னும் போடுவார்கள். மத்தியானம் வீட்டில் சோறு, குழம்பு. ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பு, கோழித்தோல். கோயில் கொடை என்றால் பாயசம். எல்லாம் பிரியத்தில் போடுகிறதுதான்.

மருத்துவர் சொன்னார்: "சில நாய்க்குச் சில சாப்பாடு ஒத்துக்காது. இத்தனையும் ஒண்ணா உள்ள போனா எது ஒத்துக்கலைன்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. முதல்ல பூச்சி மாத்திரை குடு. அப்புறம் எல்லாத்தையும் நிறுத்து. அரிசிச் சோறு, அதோட அது இதுவரைக்கும் தின்னாத ஏதாவது ஒரு கறி அல்லது மீன். அது மட்டும். வயித்துக் கோளாறு மட்டும்னா ரெண்டு மூணு வாரத்துல வித்தியாசம் தெரியும். அரிப்பு நிக்க எட்டு வாரம்கூட ஆகும். சரியான பிறகு ஒவ்வொண்ணா சேர்த்துப் பாரு. எழுதி வை."

ஒத்துக்கொள்ளாமை என்பதிலும் ரெண்டு விதம் இருக்கிறது என்றார். ஒன்று, வயிற்றில் அதைச் செரிக்கிற சக்தி இல்லாமல் பேதி ஆவது. இன்னொன்று, உடம்பே அந்தச் சாப்பாட்டை எதிரி என்று நினைத்துச் சண்டை போடுவது. அதுதான் ஒவ்வாமை. அது வந்தால் காதும் பாதமும் அரிக்கும், தோல் சிவக்கும், வயிறும் கெடும். நாய்களுக்கு அதிகமாக ஒவ்வாமை தருவது மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை என்றார். நான் அரிசி, மீன் என்று ஏதோ புதுசாகச் சொல்வார் என்று நினைத்தேன். தினமும் நம் வீட்டில் இருக்கிற சாமான்கள்தான்.

தனி உலை

"மனுசனுக்கே ஒரு அடுப்புதான் எரியுது, நாய்க்குத் தனி உலையா?" என்று அம்மா கேட்டார். கேட்டது நியாயம்தான். நான் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். சோறு வீட்டுக்கு வடிக்கிறதிலேயே எடுத்துக்கொள்ளலாம். ரேசனில் 2011-ஆம் வருசத்தில் இருந்து அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அதில் ரெண்டு கைப்பிடி கூடப் போட்டால் போதும். மீனுக்குச் சித்தப்பா இருக்கிறார். கண்மாயில் வலை போடுவார். விலை போகாத பொடி ஜிலேபி மீனை எனக்குக் கொடுத்துவிடுவார். குளிக்க வெந்நி போட்ட அடுப்பில் தணல் மிச்சம் இருக்கும். அதில் பழைய ஈயச்சட்டியை வைத்து மீனை வேகவைத்துவிடுவேன். உப்பு, மிளகாய், வெங்காயம் எதுவும் கிடையாது. ஆறினதும் முள்ளை ஒன்று விடாமல் எடுத்துவிட்டு, குழைந்த சோற்றோடு பிசைந்து வைப்பேன். ஒரே தடவையாகக் கொட்டாமல் ஒருநாள் சோற்றை மூன்று பங்காகப் பிரித்துக் காலை, சாயந்திரம், ராத்திரி வைப்பேன். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் நோய்ப்பட்ட வயிறு தாங்கும்.

பழைய கணக்கு நோட்டில் மிச்சம் இருந்த தாள்களில் நாலு கட்டம் போட்டேன். தேதி, போட்ட சாப்பாடு, வெளிக்குப் போனது எப்படி, சொறிந்ததா. இதை என் தம்பி எடுத்துக் கொண்டுபோய் அவன் வகுப்பில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டி என் மானத்தை வாங்கிவிட்டான். பரவாயில்லை. அந்த நோட்டில் இருந்துதான் இதை எழுதுகிறேன்.

முதல் மூன்று வாரம்: சோறும் மீனும் மட்டும். ஐந்தாம் நாள் பேதி நின்றது. பத்தாம் நாளில் இருந்து கெட்டியாகப் போனது.

நாலாம் வாரம்: பாதி அவித்த முட்டை சேர்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

ஐந்தாம் வாரம்: ஒரு டம்ளர் பால். அன்றைக்குச் சாயந்திரமே பேதி. நிறுத்தினேன். பழையபடி சோறும் மீனும். வயிறு ஆற நாலு நாள் ஆனது.

ஆறாம் வாரம்: ரெண்டு கரண்டி தயிர். ஒன்றும் ஆகவில்லை. எனக்கு ஆச்சரியம். பாலும் தயிரும் ஒன்றுதானே என்று நினைத்தேன்.

ஏழாம் வாரம்: கோழிக்கறி. தோல் எடுத்து, எலும்பு எடுத்து, வெறுமனே அவித்தது. ஒன்றும் ஆகவில்லை. அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை வயிற்றைக் கெடுத்தது கோழி இல்லை. தோலில் இருந்த கொழுப்பும் குழம்பு மசாலாவும்தான்.

எட்டாம் வாரம்: ஒரு பிஸ்கட். ராத்திரி முழுக்க வயிறு கடமுடா, மறுநாள் பேதி, காதைச் சொறிந்தது. பிஸ்கட்டில் பாலும் இருக்கும், கோதுமை மாவும் இருக்கும். எது காரணம்? நாலு நாள் விட்டு, பால் சேர்க்காத வெறும் சப்பாத்தி பாதி கொடுத்தேன். மறுபடியும் அதே பேதி, அதே சொறி. அப்போதுதான் கண்டுபிடித்தேன். செவலைக்கு ஆகாதது ரெண்டு, பாலும் கோதுமையும்.

இதற்கு அறிவியல் காரணம்

நோட்டை நம் அறிவியல் டீச்சரிடம் காட்டினேன். அவர் சிரிக்கவே இல்லை. "நீ பண்ணினதுதான் சோதனை. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துற பாரு, அதுதான் முக்கியம்" என்றார். எனக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தோசம்.

பாலில் லாக்டோஸ் என்று ஒரு சர்க்கரை இருக்கிறது. அதை உடைக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். குட்டியாக இருக்கும்போது அந்த நொதி நிறையச் சுரக்கும். பால்குடி மறந்த பிறகு குறைந்துவிடும். உடையாத லாக்டோஸ் குடலில் தங்கித் தண்ணீரை இழுக்கும், கிருமிகள் அதைப் புளிக்கவைக்கும். அதனால்தான் சத்தமும் பேதியும். தயிரில் அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கைப் பாக்டீரியா ஏற்கெனவே லாக்டிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. அதனால் கொஞ்சம் தயிர் பல நாய்களுக்கு ஒத்துக்கொள்ளும். மனிதர்களிலும் நிறையப் பேருக்கு இப்படிப் பால் ஒத்துக்கொள்ளாது என்று டீச்சர் சொன்னார்.

இன்னொன்றும் சொன்னார். நாய் ஓநாயில் இருந்து வந்தது. ஓநாய்க்கு இறைச்சிதான் உணவு. ஆனால் மனிதனோடு பல ஆயிரம் வருசம் வாழ்ந்து நம் மிச்சம் மீதியைத் தின்றதால் நாயின் உடம்பு மாறிவிட்டது. ஸ்டார்ச்சைச் செரிக்கிற அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு அதிகமாக இருக்கிறது என்று 2013-இல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்களாம். அதனால்தான் செவலை சோறு தின்று செரிக்கிறது. நம்மோடு சேர்ந்து சோறு தின்னப் பழகிய பிராணி அது. இதைக் கேட்டதும் செவலை மேல் எனக்கு இன்னும் பிரியம் கூடிப்போச்சு.

தெருவுக்குச் சொன்னது

கண்டுபிடித்ததைவிடக் கஷ்டம் மற்றவர்களுக்குப் புரியவைப்பது. அப்பத்தாவுக்குத்தான் பெரிய வருத்தம். "வாயில்லா சீவனுக்குப் பால் ஊத்தாதன்னு சொல்றியே, பாவம்டி" என்று கண்ணைத் துடைத்தது. நான் அந்த நோட்டை எடுத்து ஐந்தாம் வாரத்தை வாசித்துக் காட்டினேன். அப்பத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கணக்கு நன்றாகப் புரியும். "சரி, தயிரு ஊத்தலாமுல்ல?" என்று கேட்டது. ரெண்டு கரண்டி ஊத்தலாம் என்றேன். இப்போது அதற்குக் காலையில் தயிர் ஊற்றுவது அப்பத்தா வேலை. சரியாக ரெண்டு கரண்டி.

டீக்கடைக்கு வருகிறவர்களுக்கு எப்படிச் சொல்வது? "எனக்குப் பால், பிஸ்கட், பன் போடாதீங்க" என்று அட்டையில் எழுதிச் செவலை கழுத்தில் கட்டினேன். அரை மணி நேரத்தில் அட்டையைக் கடித்துத் தின்றுவிட்டது. அது நோட்டில் எழுதவில்லை, ஆனால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை! பிறகு கடைச் சுவரில் சாக்பீசால் எழுத அண்ணனிடம் அனுமதி கேட்டேன். இப்போது யாராவது பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தால் டீக்கடை அண்ணனே, "ஏய், அதுக்குப் போடாத, அதுக்குப் பத்தியம்" என்று சத்தம் போடுகிறார். 'பத்தியம்' என்ற சொல் எல்லாருக்கும் உடனே புரிந்துவிட்டது. நான் நொதி, ஒவ்வாமை என்று சொன்னபோது யாருக்கும் புரியவில்லை.

நாய் வளர்ப்பவர்கள் கவனிக்க

மருத்துவர் சொன்னதில் நோட்டில் குறித்து வைத்தவை:

1. வெங்காயம், பூண்டு நாயின் ரத்த அணுக்களைக் கெடுக்கும். குழம்புச் சோறு போடும்போது நினைவில் வையுங்கள்.

2. திராட்சை, உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நம்ம கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குப் பெருமை. ஆனால் தோட்டத்தில் உதிர்ந்து கிடப்பதை நாய் பொறுக்கித் தின்ன விடாதீர்கள். சாக்லேட்டும் நஞ்சுதான்.

3. வேகவைத்த கோழி எலும்பு ஊசி மாதிரி உடையும். தொண்டையிலும் குடலிலும் குத்தும்.

4. வயிறு சரியில்லாத நாய்க்குக் குழைந்த சோறு, தோலும் எலும்பும் இல்லாத அவித்த கறி, கொஞ்சம் அவித்த சர்க்கரைப் பூசணி நல்லது.

5. சாப்பாட்டை மாற்றுவதாக இருந்தால் ஒரே நாளில் மாற்றாமல் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றவும்.

6. பூச்சி மாத்திரையும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் தவறாமல் போடவும்.

7. குட்டிக்குப் பேதி, பேதியில் ரத்தம், விடாத வாந்தி, எழுந்திருக்க முடியாமை இருந்தால் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவரிடம் போகவும்.

8. நாம் போடுகிற காய்ச்சல், வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்கவே கூடாது.

இப்போது

ஆவணியில் மாவு மில் தராசில் நிறுத்தபோது செவலை 11 கிலோ. கார்த்திகையில் 14 கிலோ. காது ஆறிவிட்டது. மார்கழியில் ஒரு ராத்திரி பட்டிக்குள் ஏதோ நுழையப் பார்த்தது. செவலை குரைத்த குரைப்பில் தெருவே எழுந்துவிட்டது. அப்பா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார். எதுவும் பேசவில்லை. ஆனால் மறுநாள் சந்தையில் இருந்து வரும்போது கையில் ஒரு சின்ன பொட்டலம். கால் கிலோ கோழிக்கறி. "தோலை எடுத்துட்டுத்தான் குடுக்கச் சொன்னேன்" என்றார். ஜீப், மலை என்ற பேச்சு அதற்குப் பிறகு எங்க வீட்டில் வரவில்லை.

கடைசியாக ஒன்று. நம் பள்ளியில் சத்துணவு முட்டை சாப்பிடாத சிலர் இருக்கிறார்கள். சிலருக்குப் பழக்கம் இல்லை, சிலருக்கு உடம்புக்கு ஆகாது. அவர்களை "பெரிய இடத்துப் புள்ளை", "பந்தா பண்ணுது" என்று வரிசையில் கேலி செய்கிறோம். முட்டை சாப்பிடாதவர்களுக்கு அரசாங்கமே வாழைப்பழம் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. அரசாங்கத்துக்குத் தெரிந்தது நமக்குத் தெரிய வேண்டாமா? செவலையால் வாய் திறந்து "எனக்கு இது ஆகாது" என்று சொல்ல முடியவில்லை, அதனால் எட்டு வாரம் நோட்டுப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டியதாச்சு. நம்ம கூட இருக்கிறவர்கள் வாய் திறந்தே சொல்கிறார்கள். அதைக் காது கொடுத்துக் கேட்டால் போதும்.

உங்கள் வீட்டு நாய்க்கும் இப்படி வயிற்றுக் கோளாறு இருந்தால் என்னிடம் வந்து கேளுங்கள். நோட்டைத் தருகிறேன். ஆனால் என் தம்பியிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி